கோசி டீச்சருக்கு எதிராகக் கையெழுத்திட்டவள் எழுதுவது

செய்தி எனக்குத் தொலைபேசியில் வரவில்லை. ஹட்டன் பஸ் நிலையத்தில் ஒரு பதாகையில் வந்தது. மரக்கறிப் பையோடு பஸ்ஸுக்கு நின்றவள் நிமிர்ந்து பார்த்தேன். கோசி டீச்சரின் முகம் ஆளுயரத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. படத்தில் அவரை இரண்டு மடங்கு வெளுப்பாக்கியிருந்தார்கள். "மலையகத்தின் தாயே, உமக்கு எமது கண்ணீர் அஞ்சலி" என்ற வரிக்குக் கீழே, அஞ்சலி செலுத்துவோரின் படங்கள் வரிசையாக இருந்தன. பதினொரு முகங்கள். அவர்களில் ஏழு பேர், இருபத்தாறு வருடங்களுக்கு முன் அவரை இந்த நாட்டை விட்டே அனுப்பும்படி கையெழுத்து வைத்தவர்கள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அது இன்னும் அடங்கவில்லை.

அஞ்சலிக் கூட்டத்தில் என்னையும் பேச அழைத்தார்கள். மறுத்துவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். "பொறுமையின் சிகரம்" என்றார் ஒருவர். "எல்லோரையும் அரவணைத்த அன்புள்ளம்" என்றார் மற்றொருவர். நீங்கள் சொன்ன அந்த மனுஷியை எனக்குத் தெரியாது. நீங்களும் நானும் அறிந்த கோசி டீச்சரைப் பற்றி யாருமே பேசவில்லை. ஆகவே நான் எழுதுகிறேன்.

அவருடைய பெயர் இங்கோசி. நம் வாய்க்கு அது வராததால் கோசியாக்கினோம். நைஜீரியாவின் கிழக்குப் பகுதியில் பிறந்து, அங்கே ஒரு பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்தவர். இங்கிருந்து ஆசிரியர்கள் அந்த நாட்டுக்கு வேலைக்குப் போன காலத்தில், திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் கணக்கப்பிள்ளை மகன் தியாகராஜா, கணிதம் படிப்பிக்க அதே பாடசாலைக்குப் போனார். அங்கேயே இருவரும் கல்யாணம் முடித்தார்கள். கைக்குழந்தை அமுதாவோடு ஊர் திரும்பினார்கள். மூன்றே வருடத்தில் தியாகராஜா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். முப்பத்தொரு நாள் காரியம் முடிவதற்குள்ளேயே, எப்போது உங்கள் ஊருக்குப் போகிறீர்கள் என்று டீச்சரிடம் கேட்க ஆரம்பித்துவிட்டோம்.

"அவரை இங்கதான் பொதைச்சிருக்கேன். பிள்ளைக்குப் பேச்சு வந்ததும் இங்கதான். நான் எங்க போறது?" என்றார்.

அமுதாவை முதலாம் வகுப்பில் சேர்த்தபோது, இவரும் ஒரு கொப்பி வாங்கினார். மகள் மாலையில் எழுதும் எழுத்தையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து தானும் எழுதினார். மகள் இரண்டாம் வகுப்புக்குப் போகும்போது தாய் கடிதமே எழுதினார். பேச்சைத் தோட்டத்து லய வீடுகளில் இருந்த பெண்களிடம் கற்றார். அதனால்தான் கடைசிவரை அவருடைய தமிழில், கொழுந்து மலையில் நிற்கிறவர்களின் சுருக்கும் சூடும் இருந்தன.

அதன் பிறகே எங்கள் தோட்டப் பாடசாலையில் ஒப்பந்த அடிப்படையில் ஆங்கிலம் படிப்பிக்க வந்தார். நான் அங்கே விஞ்ஞான ஆசிரியை. ஆசிரியர் அறையில் எங்களுக்குப் பூப்போட்ட கோப்பைகள் இருந்தன. அவருக்கு மட்டும் ஜன்னலோரம் ஒரு கண்ணாடித் தம்ளர். யாரும் அப்படி வைக்கச் சொல்லவில்லை, எல்லோரும் அப்படியே விட்டோம். தோட்டத்துரை பங்களாவின் பின்வாசலில் நின்று தேநீர் வாங்கிக் குடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். "தோட்டக்காட்டான்" என்று யாராவது சொன்னால் கண் சிவப்பவர்கள். அவர் இல்லாதபோது அவரைக் "கறுப்பி" என்றோம். இதைச் சொல்ல உங்களுக்கு வெட்கமாக இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன்.

ஒரு மாதம் பார்த்தார். ஒரு நாள் இடைவேளையில் நாங்கள் உள்ளே வந்தபோது, எல்லாக் கோப்பைகளிலும் தேநீர் ஊற்றி மேசையில் வரிசையாக வைத்திருந்தார். எங்கள் கண் முன்னாலேயே ஒவ்வொன்றையும் எடுத்து ஒரு மிடறு குடித்து, திரும்ப வைத்தார்.

"இப்ப எல்லாமே என்னோட கப்புதான். குடிக்கிறவங்க குடிங்க, கொட்டுறவங்க கொட்டுங்க."

இதுவா பொறுமையின் சிகரம்?

அமுதாவுக்கு ஒன்பது வயதிருக்கும். பரிசளிப்பு விழா நாடகத்தில் அவளுக்கு அரக்கி வேஷம். முந்திய வருடமும் அதே வேஷம்தான். மேடையில் வந்து நின்று, கத்தி பட்டதும் விழுந்து சாக வேண்டும். வேஷம் பிரித்துக் கொடுத்தவள் நான். "பிள்ளைக்கு மேக்கப்பே தேவையில்ல" என்று நான் சொல்ல, எல்லோரும் சிரித்தோம். மறுநாள் அவர் என் வகுப்பு வாசலுக்கு வந்தார்.

"டீச்சர், என் பிள்ளை அரக்கியாவே இருக்கட்டும். ஆனா அவளுக்கு வசனம் குடுங்க. வாயத் தொறக்காம சாகுற வேஷம் அவளுக்கு வேணாம்."

வசனம் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அரக்கி பேசினாள். கத்தியோடு வந்த வீரனுக்குத் தன் வசனம் மறந்துவிட்டது. அன்றைக்குத் தாய் கைதட்டவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என்னைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

இனி, நீங்கள் யாரும் மேடையில் வாய் திறக்காத விஷயத்துக்கு வருகிறேன். அப்போது எங்கள் தோட்டங்களிலிருந்து பிள்ளைகளைக் கொழும்புக்கு வீட்டு வேலைக்குக் கூட்டிப் போவது ஓயவேயில்லை. எங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் தலைவரே அதற்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு காலையில் கோசி டீச்சர் ஹட்டனில் நின்றபோது, எட்டாம் வகுப்புப் புவனேஸ்வரி கொழும்பு பஸ்ஸில் தலைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைக் கண்டு உள்ளே ஏறினார். அடுத்து நடந்ததைப் புவனாவே எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

"புவனா, கொப்பி எங்க?"

"வீட்டுல டீச்சர்."

"கொப்பி வீட்டுல இருக்கு. நீ எங்க போற?"

தலைவர்தான் பேசினார். "டீச்சர், தாய் தகப்பன் சம்மதிச்ச விஷயம் இது. நீங்க வெளிநாட்டு ஆளு. உங்களுக்கு இதெல்லாம் விளங்காது."

"எனக்கு வயசு விளங்கும். இவளுக்குப் பதிமூணு."

அப்படியே பஸ்ஸின் மிதிபடியில் உட்கார்ந்துவிட்டார். "இவ எறங்காம நான் எறங்க மாட்டேன். நீங்க பஸ்ஸ எடுங்க. கொழும்பு வரைக்கும் இப்பிடியே வாரேன்."

நடத்துனர் கெஞ்சினார். பயணிகள் ஏசினார்கள். கால் மணி நேரம் கழித்துப் புவனா பையோடு இறங்கினாள்.

இரண்டு வாரத்தில் அவருக்கு எதிரான பெட்டிசம், அதாவது புகார் மனு, தயாராகிவிட்டது. பெற்றோரை அவமதிக்கிறார், பெண் பிள்ளைகளைக் கெடுக்கிறார், வெளிநாட்டு மோசடிக்காரர்களோடு தொடர்பு வைத்திருக்கிறார் என்று மூன்று பக்கம்; ஆகவே நாட்டை விட்டே அனுப்புங்கள் என்று முடிவில். ஒரு வரிகூட உண்மையில்லை. பாடசாலை அதிபர் அதை வரவுப் பதிவேட்டுக்கு அடியில் வைத்து என் முன்னால் தள்ளினார்.

"எல்லாரும் வச்சாச்சு டீச்சர். நீங்க மட்டும் ஏன் தனியா நிக்கிறீங்க? டவுனுக்கு மாற்றம் கேட்டிருக்கீங்க. தலைவர் ஒரு வார்த்தை சொன்னா நடக்கும்."

வைத்தேன். பதினேழாவது கையெழுத்து என்னுடையது. என்னை யாரும் மிரட்டவில்லை. எனக்கு வீட்டில் பசியில்லை. பஸ்ஸில் ஒரு மணி நேரம் மிச்சமாகும், அதற்காகத்தான் வைத்தேன்.

அவருடைய ஒப்பந்தம் நின்றது. வருடாவருடம் விசாவைப் புதுப்பிக்கப் பாடசாலை கொடுத்த நற்சான்றுக் கடிதமும் நின்றது. ஒரு மாதத்துக்குள் வேறு கடிதம் கொண்டு வராவிட்டால் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று குடிவரவு அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். அமுதா இந்த நாட்டுப் பிரஜை. அவளுக்குப் பதினாலு வயது. அவர் கடைசியாக ஆசிரியர் அறைக்கு வந்தது அப்போதுதான். உள்ளே வரவில்லை. வாசலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"என் பிள்ளைக்குத் தகப்பன் இல்ல. தாயையும் அனுப்பப் போறீங்க. யார் வீட்டுல அவள வச்சுக்குவீங்க? கைய தூக்குங்க, பார்ப்போம்."

யாரும் தூக்கவில்லை. நான் ஒரு கொப்பியைத் திருத்துவது போல இருந்தேன்.

அவரைக் காப்பாற்றியது படித்த நாங்கள் அல்ல. அந்த வாரத்தில் ஒருநாள் கொழுந்துப் பெண்கள் நாற்பது பேர், பாதி நாளோடு கூடைகளை இறக்கி வைத்துவிட்டு பிரதேச செயலகத்துக்கு நடந்தார்கள். முன்னால் போனவள் புவனாவின் தாய். தலைவரின் பேச்சை நம்பி மகளைக் கொழும்புக்கு அனுப்பச் சம்மதித்த அதே தாய். அதிகாரி சிங்களவர். "மே அபே டீச்சர், மாத்தயா" என்று அவள் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லியிருக்கிறாள். இது எங்கள் டீச்சர், ஐயா. அதற்குமேல் வார்த்தை வரவில்லையாம். அவருக்கு நற்சான்று கேட்ட மனுவில் நாற்பது பேரும் கைநாட்டு வைத்தார்கள். பதினேழு படித்த கையெழுத்துகள் அந்தக் கைநாட்டுகளிடம் தோற்றன. செயலகம் கொடுத்த கடிதத்தோடு விசா கிடைத்தது. வேலை மட்டும் திரும்பக் கிடைக்கவே இல்லை.

எனக்கு டவுனுக்கு மாற்றம் கிடைத்தது. அவர், தோட்டத்தில் மூடிக் கிடந்த பழைய பிள்ளைக்காம்பராவைக் கேட்டு வாங்கினார். ஒரு காலத்தில் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போன அறை அது. அங்கே இருபது வருடங்களுக்கு மேலாக ஆங்கிலம் படிப்பித்தார். சத்தம் போட்டார், சோக்குக் கட்டியால் எறிந்தார், பாடம் வராத பிள்ளையை விளக்கு வைக்கும் நேரம் வரை இருத்திவைத்தார். "பாவம்னு யாரும் சொன்னா எந்திரிச்சு வந்துரு. பாவம்ங்கிறவன் ஒனக்கு நாற்காலி தரமாட்டான்" என்பார். புவனா இன்றைக்கு ஆங்கில ஆசிரியை. அமுதா கண்டியில் தாதியாக இருக்கிறாள். செத்த வீட்டுக்கு மாலையோடு வந்த தலைவரிடம் அவள் சொன்னதை நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். கேட்காதது போல நின்றீர்கள்.

"மாலைய வாசல்ல வச்சிட்டுப் போங்க. அம்மா மேல வேணாம்."

ஓய்வு பெற்ற பிறகு, ஆறு வருடங்களுக்கு முன், நான் அந்தப் பிள்ளைக்காம்பராவுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்பதற்காக ஒரு வாரம் வசனம் தயார் பண்ணியிருந்தேன். "டீச்சர், அந்தப் பெட்டிசத்துல நானும்…" என்று ஆரம்பித்ததுமே கையைக் காட்டி நிறுத்தினார்.

"தெரியும். பதினேழாவது. அதுக்கு இப்ப நேரமில்ல. இந்தப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்குடுக்க ஆளில்ல. சனிக்கிழமை எட்டு மணிக்கு வாங்க. மத்தது அப்புறம் பேசலாம்."

போனேன். அடுத்த சனியும் போனேன். அழுகையோடு போனால் "மொதல்ல பாடம்" என்பார். பாடம் முடிந்தால் கதவைப் பூட்டிக்கொண்டு நடந்துவிடுவார். ஆறு வருடங்களில் ஒருநாள்கூட என்னை வீட்டுக்குக் கூப்பிடவில்லை. என் கையால் தேநீர் வாங்கிக் குடிக்கவில்லை. போன மாதம் ஆஸ்பத்திரியில் கட்டிலோரம் நின்று கடைசியாக ஒரு முறை அந்த மன்னிப்பை ஆரம்பித்தேன். கண்ணைத் திறந்தார்.

"ஒளித்தொகுப்புப் பாடம் முடிஞ்சுதா?"

"இன்னும் ரெண்டு பாடம் இருக்கு டீச்சர்."

"முடிச்சிட்டு வாங்க" என்று கண்ணை மூடிக்கொண்டார். முடிப்பதற்குள் போய்விட்டார்.

கூட்டத்தில் உங்களில் ஒருவர், அம்மையார் எல்லோரையும் மன்னித்துவிட்டே போனார் என்றீர்கள். பொய். அவர் நம்மை மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு நீங்கள் நன்றாகத் தூங்கலாம் என்று நினைத்தால், அதற்கு நான் விடமாட்டேன்.

போன சனிக்கிழமை அந்த இரண்டு பாடங்களையும் முடித்தேன். பிள்ளைகள் பதினாலு பேர் வந்திருந்தார்கள். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது மன்னிப்பு அல்ல, ஒரு வேலை. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.