பத்தரைக்குத் திமிங்கிலம்

எனக்குத் திமிங்கில ஆசை வந்தது லண்டனில்தான். நான் மன்னாரில் பிறந்தவள். மீன் என்றால் சட்டிக்குள் அடங்கவேண்டும் என்ற எண்ணத்தோடு வளர்ந்தவள். கடலை வேடிக்கை பார்க்க எங்கள் வீட்டில் யாருக்கும் நேரம் இருந்ததில்லை. பிறகு ஒரு தை மாதம் தேம்ஸ் ஆற்றுக்குள் ஒரு திமிங்கிலம் வழிதவறி வந்துவிட்டது. பாராளுமன்றத்தைத் தாண்டி அது நீந்திப் போவதைத் தொலைக்காட்சியில் பார்த்த நேரம் தொடக்கம் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுநாள் சனிக்கிழமை. என் கணவரைக் கடையிலிருந்து இழுத்துக்கொண்டு நாங்கள் இருக்கும் எட்மண்டனிலிருந்து ரயிலும் பஸ்ஸுமாக ஆற்றங்கரைக்குப் போனேன். போனால், லண்டன் முழுக்க எனக்கு முன்னால் வந்து நிற்கிறது. நான் கண்டதெல்லாம் குளிர்ச்சட்டை போட்ட முதுகுகள்தான். அன்று இரவு அது செத்துப்போனதென்று செய்தியில் சொன்னார்கள். சொந்தக்காரர் செத்ததுபோல் எனக்கு அழுகை வந்தது.

"இதுக்குப் போய் அழுறீரே?" என்றார் என் கணவர். "நான் இருந்த ஊரில திமிங்கிலம் வாசல் நாய் மாதிரி வந்து வந்து போகும். ஒருக்கா என்னோட வாரும், நான் காட்டுறன்."

அவர் இருந்த ஊர் என்றால் நோர்வேயின் வடக்கு. என்னைக் கட்டுவதற்கு முன்னால் பல வருஷம் அங்கே ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். பிறகு லண்டனுக்கு வந்து எட்மண்டனில் டயர் மாற்றும் கடை போட்டார். அந்த ஊரைப் பற்றி அவர் தானாக ஒன்றும் பேசமாட்டார். ஆனால் கோயில் திருநாளிலோ பிறந்தநாள் வீட்டிலோ யாராவது "அங்க திமிங்கிலம் கண்டனீங்களோ?" என்று கேட்டால் மட்டும் வாய் திறக்கும். கதை வருஷா வருஷம் கொழுத்துக்கொண்டே வந்தது. கடைசியாகக் கேட்டபோது அது தொழிற்சாலை யன்னலுக்குள் எட்டிப் பார்த்தது.

அடுத்த வருஷம் அக்காவுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். அத்தான் செவன் கிங்ஸில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், எதையும் மொத்தமாக வாங்கினால்தான் அவருக்குத் திருப்தி. உல்லாசக் கப்பலில் நோர்வேக்கு நாலு பேருக்கும் இடம் எடுத்துவிட்டார். டோவரில் ஏறினால் வடக்கே போய்த் திரும்பிவரும். வழியில் நிற்கும் ஊர்களில் ஒன்று என் கணவர் வேலை செய்த ஊரேதான். அங்கே திமிங்கிலம் பார்க்கப் படகு போகும் என்று கப்பல்காரரின் புத்தகத்தில் போட்டிருந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தேன்.

பாலில் விழுந்த பழத்தை யார் எடுப்பது என்பதில்தான் சண்டை தொடங்கியது. அக்கா வீட்டில், மீன் ரோல்ஸும் தேத்தண்ணியும் நடுவில் இருக்க, அத்தான் சொன்னார்:

"தம்பி, கப்பலோட புக் பண்ணினால் படகு சுணங்கினாலும் கப்பல் நிண்டு ஏத்திக்கொண்டு போகும். தனியப் போனால் அவன் தன்ர பாட்டில வெளிக்கிட்டிடுவான். கரையில நிண்டு கை காட்ட வேண்டியதுதான்."

"அண்ணை, கப்பல்காரன் கொண்டுபோறது பெரிய படகு. நூறு பேர் ஒரு பக்கமா ஓடுவாங்கள். எனக்கு அந்த ஊரும் தெரியும், பாசையும் தெரியும். சின்னப் படகுக்காரரிட்ட நானே கதைச்சு எடுக்கிறன். திமிங்கிலம் காணாட்டி இன்னொருக்கா இனாமாக் கூட்டிக்கொண்டு போவினம்."

"கப்பல் போனாப்பிறகு அந்த இனாமை வைச்சு என்ன செய்யிறது?"

அத்தான் சொன்னதில் நியாயம் இருந்தது. இருந்தாலும் நூறு பேர் என்றதும் தேம்ஸ் கரையில் பார்த்த முதுகுகள் என் கண்முன்னால் வந்துவிட்டன. நான் என் கணவரின் பக்கம் சாய்ந்தேன். அக்காவும் அத்தானும் கப்பலோடு புக் பண்ணினார்கள்.

பூசை முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் போன் கார்ட்டைச் சுரண்டி நோர்வேக்கு எடுத்தார். நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு காதை மட்டும் ஹோலில் வைத்திருந்தேன். அவர் அந்தப் பாசை பேசி நான் கேட்டதே இல்லை. குரல் இரண்டு சுருதி இறங்கிவிட்டது. தமிழிலும் இங்கிலீசிலும் இல்லாத ஒரு ஆறுதல் அதில் இருந்தது. நடுவில் இரண்டு தரம் மூச்சை உள்ளே இழுத்தார். கையைச் சுட்டுக்கொண்டாரோ என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். அந்த ஊரில் ஆமோதித்து 'ஓம்' சொல்வது அப்படித்தானாம், காற்றை உள்ளே இழுத்து. பிறகு சிரித்தார். இந்த மனிசன் எந்தப் பாசையில் எத்தனை பேராக இருக்கிறார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

"சரி, பத்தரைக்குப் படகு," என்று போனை வைத்தார்.

கப்பல் அந்த ஊரில் காலையில் கட்டியது. அக்காவும் அத்தானும் நெஞ்சில் இலக்கம் ஒட்டிக்கொண்டு, நேசரி பிள்ளைகளைப்போல் வரிசையில் போனார்கள். நாங்கள் இலக்கம் இல்லாமல் ஆறுதலாக இறங்கினோம். ஐந்து மணிக்குக் கப்பல் கிளம்பும் என்று ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். "பத்தரைக்குத்தானே, அவசரப்படாதையும்" என்று அவர் என்னை ஊர் சுற்றிக் காட்டினார். சுற்றுவதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. நிறம் நிறமாக மரவீடுகள், ஒரு தேவாலயம், மீன் வாடை. தொழிற்சாலை மூடிக்கிடந்தது. எந்த யன்னலால் திமிங்கிலம் எட்டிப் பார்த்தது என்று கேட்டேன். அவர் காது கேட்காதவர்போல் தடுப்புச் சுவரில் போய்ச் சாய்ந்தார்.

அப்போது எங்களுக்கு முன்னால் ஒரு சின்னப் படகு கடலுக்குள் போனது. சிவப்பு அங்கி போட்ட ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். "இதுவும் திமிங்கிலத்துக்குத்தான் போகுது போல" என்றார். கை காட்டினார். நானும் காட்டினேன். படகிலிருந்தவர்களும் எங்களுக்குக் காட்டினார்கள்.

அது எங்கள் படகு.

படகுக் கந்தோரில், சீட்டு எழுதும் மேசையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருந்தாள். அவர் பெயரைச் சொன்னதும் அவள் சுவர் மணிக்கூட்டையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ சொன்னாள். அவரும் ஏதோ சொன்னார். பிறகு அவரது முகம் காற்றுப்போன டயராகிவிட்டது.

"என்னவாம்?"

"ஒன்பதரை."

"பத்தரை எண்டெல்லோ சொன்னீங்கள்?"

"அவள் 'ஹால் தீ' எண்டவள். அரைப் பத்து. நோர்வேயில அரைப் பத்து எண்டால் பத்துக்கு அரை மணித்தியாலம் முந்தி. லண்டனில கடைக்கு வாறவன் எல்லாம் 'ஹாஃப் டென்' எண்டால் பத்தரைதானே. பத்தரை எண்டே காதில விழுந்திட்டுது."

நாங்கள் முடிந்த மணியோடு அரையைக் கூட்டுகிறோம். இங்கிலீஷ்காரனும் அப்படித்தான். நோர்வேக்காரன் வரப்போகிற மணியை இப்போதே கையில் பிடித்துவைத்து எண்ணுகிறான். மூன்று பாசை தெரிந்த மனிசன் மூன்றுக்கும் நடுவில் விழுந்து கிடந்தார். வேறு யாருக்காவது நடந்திருந்தால் வயிறு நோகச் சிரித்திருப்பேன். ஆனால் கைக்கெட்டியது வாய்க்கெட்டாமல் போனது எனக்கல்லவா? "பாசை தெரியும், ஊர் தெரியும் எண்டீங்கள். மணி தெரியேல்லை!" என்று கந்தோருக்குள்ளேயே கத்திவிட்டேன். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் விளங்கியிருக்காது. சண்டை விளங்கியிருக்கும்.

அவள் இரக்கப்பட்டு ஒன்று சொன்னாள். இரண்டு மணிக்கு அடுத்த படகு, அதில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. ஆனால் திரும்பிவர ஆறு மணியாகும். கப்பல் ஐந்துக்குப் போய்விடும். மறுநாள் காலையில் பஸ் பிடித்தால் மத்தியானத்துக்கு முன் அடுத்த துறைமுகத்தில் கப்பலைப் பிடிக்கலாம்.

"வேண்டாம்," என்றார் அவர், நான் வாய் திறப்பதற்குள்.

வெளியே வந்து ஒரு மர வாங்கில் உட்கார்ந்தோம். எனக்குக் கோபம் அடங்கவில்லை. போகத்தான் வேண்டும் என்றேன். பாஸ்போர்ட் இரண்டும் என் கைப்பையில் இருந்தன. எங்கள் ஆட்கள் பாஸ்போர்ட்டை விட்டுவிட்டுக் குளிக்கக்கூடப் போகமாட்டார்கள். காசும் இருந்தது. பிறகென்ன?

"என்னால ஏலாது," என்றார். "இந்த ஊரில திரும்பவும் விடுபட்டு நிக்க என்னால ஏலாது. முதன்முதல் இஞ்ச வந்த அண்டைக்கு, பஸ் இறக்கிப்போட்டுப் போனதும் இந்த இடத்திலதான் நிண்டனான். குளிர்காலத்தில இஞ்ச வெயிலே வராது. மத்தியானம், ஆனா கும்மிருட்டு. ஒருத்தரையும் தெரியாது. பஸ்ஸின்ர பின் லைட் போய் மறையுமட்டும் பாத்துக்கொண்டு நிண்டனான்."

அவ்வளவு வருஷத்தில் அவர் அந்த ஊரைப் பற்றிச் சொன்ன முதல் உண்மை அதுதான் என்று எனக்குப் பட்டது. அந்த நம்பிக்கையில் மற்றதையும் கேட்டேன்.

"சத்தியமாச் சொல்லுங்கோ. நீங்கள் திமிங்கிலம் கண்டனீங்களோ?"

நிலத்தைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார். "ஒருநாளும் காணேல்லை."

"வாசல் நாய் எண்டீங்கள்?"

"லைனில நிண்டு மீன் வெட்டுற ஆளுக்கு யன்னலே இல்லையப்பா. ஷிப்ட் முடிஞ்சால் நித்திரை. கோடையில வெள்ளைக்காரர் கமராவோட வந்து படகு ஏறுவாங்கள். அது பாக்க வந்த ஆக்களுக்கு. நாங்கள் வேலைக்கு வந்த ஆக்கள். போய்க் கேக்கலாம் எண்டு நினைக்கவே இல்லை. லண்டனுக்கு வந்தாப்பிறகு எல்லாரும் கண்டனீங்களோ, கண்டனீங்களோ எண்டு கேட்டிச்சினம். இல்லை எண்டு சொல்ல வெக்கமா இருந்தது."

எனக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த இடத்தில் அவர்மேல் அப்படி ஒரு பாசம் வந்தது. அதைக் காட்டத் தெரியாமல், "எழும்புங்கோ" என்று அதட்டினேன்.

"எங்க?"

"கந்தோருக்கு. இந்தமுறை நாங்கள் பாக்க வந்த ஆக்கள். கப்பல் போனால் போகட்டும். அதைப் பஸ் பிடிச்சுப் போய்ப் பிடிப்பம். இந்தமுறை நான் பக்கத்தில நிக்கிறன்தானே."

அவர் கொஞ்ச நேரம் கப்பலையே பார்த்தார். பிறகு எழும்பினார்.

அக்காவுக்குப் போன் எடுத்தேன். அவர்கள் அப்போதுதான் படகால் இறங்கியிருந்தார்கள். மூன்று திமிங்கிலம் பார்த்தார்களாம், எல்லாம் வீடியோவில் இருக்கிறதாம். விஷயத்தைச் சொன்னதும் அத்தான் போனைப் பறித்து, "உங்களுக்கு விசரோ?" என்று கத்தினார். கத்த உரிமை உள்ளவர், கத்தட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் சொன்னபடியேதான் கப்பல் எங்களுக்காக ஒரு நிமிஷமும் நிற்கவில்லை. அன்றிரவு அந்தக் கந்தோர்ப் பெண் காட்டிய அறையில் படுத்து, மறுநாள் பஸ்ஸில் மலை மலையாகச் சுற்றிப் போய்க் கப்பலைப் பிடித்தோம். அத்தான் இரண்டு நாள் முகம் தரவில்லை.

இரண்டு மணிப் படகில் எங்களுக்கும் சிவப்பு அங்கி தந்தார்கள். கடல் குலுக்கியது. கரை மறைந்து வெகுநேரமாகியும் தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை. அவர் எந்தத் திசையில் பார்ப்பதென்று தெரியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கோ கண்ணை மூடித் திறக்கவே பயம். படகோட்டி ஒரு குழாயைத் தண்ணீருக்குள் விட்டு, அடியில் திமிங்கிலச் சத்தம் வருகிறதா என்று காதுகொடுத்துக் கேட்டான். ஒரு விரலைத் தூக்கினான். இயந்திரத்தை நிறுத்தினான்.

முதலில் கண்டவள் நான். கொஞ்சத் தூரத்தில், சரிவாக, ஒரு மூச்சு வெள்ளையாக எழும்பியது. அதற்குப் பிறகுதான் அந்த முதுகு தெரிந்தது, பாறை ஒன்று தானாக மேலே வந்து கிடப்பதுபோல. அவர் இன்னும் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். காட்டுகிறேன் என்று சொன்ன மனிசனின் தலையை நான் இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினேன்.

அது ஆறுதலாக மூச்சு விட்டது. திரும்பவும் விட்டது. அந்தச் சத்தம் எங்கள் காதுக்கு வந்தது. பிறகு முதுகை வளைத்து, வாலை முழுதாக மேலே தூக்கி, அப்படியே நேராகக் கீழே இறங்கிவிட்டது. படகில் எல்லோரும் கைதட்டினார்கள். அவர் தட்டவில்லை. அது போன இடத்தில் தண்ணீர் வழுவழுப்பாகக் கிடந்ததைப் பார்த்தபடி, யாரிடம் என்றில்லாமல் கேட்டார்:

"நான் இஞ்ச இருந்த காலம் முழுக்க, இதுவும் இஞ்சதான் இருந்திருக்கு, என்ன?"