பாட்டில் வந்த அம்மா

நேற்று ஓவியக் கல்லூரி நண்பர்களோடு ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தேன். பழைய இசை வீடியோக்களைச் சுவரில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்றில் எங்கள் வைத்திக்குப்பம் கடற்கரை வந்தது. பாடகருக்குப் பின்னால், தலையில் மீன் கூடையோடு என் அம்மா சிரித்துக்கொண்டே ஆடினாள்.

எனக்குப் பத்து வயதானபோது எடுத்த பாட்டு அது. எங்கள் வீட்டில் டிவி கிடையாது. பள்ளித்தோழி வீட்டில்தான் பார்த்தேன். "ஐயே, மீன்காரி ஆடுறா பாருடி!" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

வீடு திரும்பியதும், மீன் ஆய்ந்துகொண்டிருந்த அம்மா செதில் ஒட்டிய கையோடு எழுந்து வந்தாள்.

"பாட்டு பாத்தியா பாப்பா? நான் வர்றேனா?"

"இல்லம்மா, உன்ன வெட்டிட்டாங்க."

அவள் முகம் வாடியது. "வெயில்ல கருத்துக் கெடந்தேன்ல, அதான்" என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

நேற்றும் பக்கத்தில் நின்ற நண்பர்களிடம் அது என் அம்மா என்று சொல்ல வாய் வரவில்லை. தனியே வெளியே வந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். அன்று பொய் சொன்னதை ஒப்புக்கொண்டேன். "நாளைக்கு வாம்மா, காட்டுறேன்" என்றேன்.

அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"உங்கூடப் படிக்கிறவங்கள்லாம் இருப்பாங்களே. நான் வரலாமா?"