தூக்கம் குறைவு

எட்டாம் மாத ஸ்கேன் முடிந்ததும் நெய்யாற்றின்கரை டாக்டரம்மா என்னிடம் மலையாளத்தில், "குஞ்ஞினு தூக்கம் குறவாணு" என்றார். நான் திருநெல்வேலிக்காரி. குன்னத்துகாலுக்கு வாழ்க்கைப்பட்டு ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. நாள் முழுக்க உள்ளே உதைத்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்குத் தூக்கம் எங்கிருந்து வரும் என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரெஸ்ட் எடு, இரண்டு வாரம் கழித்து மறுபடி ஸ்கேனுக்கு வா என்றார். அம்மா படுத்தால் பிள்ளையும் தூங்கும் என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸிலிருந்து, கொச்சியில் வேலை பார்க்கும் கணவரிடம் போனில் அதையே சொன்னேன். "நல்லா சாப்பிடு" என்று மட்டும் சொன்னவர் சட்டென்று போனை வைத்துவிட்டார். அமரவிளைப் பக்கம் சிக்னல் கிடைக்கவில்லை என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து அத்தையிடமும், "பிள்ளைக்குத் தூக்கம் குறைவாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். என் கணவரின் அம்மா அதிகம் பேசாதவர். அன்று கூடையை எடுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தது. காலையில் அவித்த ஏத்தன்பழம், பதினொரு மணிக்கு முட்டை, மத்தியானம் சாளை மீன், நாலு மணிக்கு மறுபடி ஏத்தன்பழம். பிள்ளை தூங்காததற்கு நான் ஏன் தின்ன வேண்டும்? எனக்கு இயல்பாகவே பொறுமை கொஞ்சம். ஐந்தாம் நாள் தட்டைத் தள்ளிவிட்டேன். "விடுங்க அத்தை. என் தம்பியும் சின்னதில தூங்கவே மாட்டான். இப்போ காலேஜ்ல போய்த் தூங்குறான்" என்றேன்.

அத்தை என்னையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "மக்கா, தூக்கம்ணா எடையாக்கும். நீ சொல்லுது உறக்கம்."

கையில் இருந்த மீன் முள்ளைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. ஓடிப்போய் ஸ்கேன் கவரை எடுத்தேன். படத்தை மட்டும் ஐம்பது தடவை பார்த்திருந்தேன், எழுத்தைப் படிக்கவே இல்லை. அதில் எடை குறைவு என்று தெளிவாக எழுதியிருந்தது. ஐந்து நாள் சிரித்துத் திரிந்ததை நினைத்து அழுதேன்.

இரண்டு வாரம் வரை யார் பொறுப்பார்கள்? மறுநாளே அத்தையோடு போனேன். டாக்டரம்மா திட்டவில்லை. இந்த முறை தமிழும் கலந்து பேசினார். தலை, வயிறு, தொடை எலும்பு மூன்றையும் அளந்து எடையை மதிப்பிடுகிறார்களாம், முன்னே பின்னே இருக்கும். ஒரு நாள் அளவை வைத்து முடிவு சொல்ல முடியாது, இரண்டு வாரத்தில் எவ்வளவு வளர்ந்தது என்பதுதான் முக்கியம். சில பிள்ளைகளின் வாகே சிறிசு. சிலவற்றுக்கு நஞ்சுக்கொடி வழியாகப் போகிற சத்து குறைந்திருக்கும். இப்போது ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, அசைவு குறைந்தால் மட்டும் உடனே வா என்றார்.

"நான் ஒழுங்கா சோறு குடுக்காத்ததினாலயா?" என்று அத்தை கேட்டார். இல்லவே இல்லை என்றார் டாக்டரம்மா. இத்தனை நாளும் அவர் தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் தட்டைத் தள்ளியது ஞாபகம் வந்து வெட்கமாக இருந்தது.

அடுத்த ஸ்கேனில் பிள்ளை வளர்ந்திருந்தது. கொஞ்சம்தான், ஆனால் வளர்ந்திருந்தது. தலைப்பிரசவத்துக்கு ஊருக்குப் போவதை நிறுத்திவிட்டோம். என் அம்மாவை இங்கே வரச் சொன்னோம். அவள் வருவதற்குள், குறித்த நாளுக்கு இரண்டு வாரம் முன்பே வலி வந்துவிட்டது.

மகள் பிறந்தாள். பிறந்ததும் ஆஸ்பத்திரியே கேட்கும்படி அழுதாள். நர்ஸ் அவளைத் தராசில் வைத்துச் சொன்ன எண்ணை நானும் அத்தையும் மாறிமாறிச் சொல்லிப் பார்த்துக்கொண்டோம்.

ரயிலில் வந்துகொண்டிருந்த அம்மா போன் செய்தாள். சுகப்பிரசவம்தானே, பால் குடித்தாளா என்றெல்லாம் விசாரித்துவிட்டுக் கேட்டாள்: "பிள்ளைக்குத் தூக்கம் எப்படி?"

"ரெண்டு கிலோ முந்நூறு" என்றேன்.

அம்மா குழம்பிப்போய், "என்னடீ?" என்றாள். பக்கத்தில் பிள்ளையை மடியில் வைத்திருந்த அத்தை, நிமிராமலே சொன்னார்: "போதும் மக்கா. அது போதும்."