ஜான்சி திருப்பிக் கேட்ட மெஷின்

மிக்ஸியோ கிரைண்டரோ நின்றுபோனால் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பார்ப்பதற்குப் பத்துக் கடை உண்டு. பழைய வேக்குவம் கிளீனர் என்றால் மட்டும், அதுவும் இரண்டு சறுக்குச் சட்டங்களின் மேல் உருளையாகப் படுத்திருக்கும் அந்தக் காலத்து உருப்படி என்றால், பத்துக் கடைக்காரர்களும் ஒரே பெயரைத்தான் சொல்வார்கள். ஜான்சி.

ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படித்தவள். மோட்டார் காயில் கட்டும் கடையில் ஒன்பது வருடம் வேலை பார்த்துவிட்டு, தபால் ஆபீஸ் சந்தில் சொந்தமாக ஷட்டர் போட்ட ஒற்றை அறைக் கடை வைத்தாள். நெய்வேலியில் ஓய்வு பெற்ற ஒருவர் ஒருநாள் வெளிநாட்டு உருளை ஒன்றைக் கொண்டுவந்து, "ஓடலன்னா தூக்கிப் போட்டுரும்மா" என்று வைத்துவிட்டுப் போனார். அதைத் திறந்து பார்த்ததிலிருந்து அவளுக்கு அந்த வகை மேல் ஒரு பிடிப்பு. பெயர்ப்பட்டை உதிர்ந்துபோய்த்தான் வரும். ஓஸ் மாட்டும் வாயில் திருகு மரை பித்தளையா தகரமா, ஸ்விட்ச் காலால் மிதிப்பதா விரலால் தள்ளுவதா, கார்பன் பிரஷ் எவ்வளவு தடிப்பு என்று பார்ப்பாள். எந்த நாட்டுச் சரக்கு, எத்தனை வருடத்துப் பழசு, எத்தனை வோல்ட்டில் ஓடும் என்று சொல்லிவிடுவாள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

கரண்டுக்கு அவள் பயந்ததில்லை. டெஸ்டரை வைத்தால் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும் ஒன்றுக்கு எதற்குப் பயப்பட வேண்டும் என்பாள். 2010 ஆகஸ்ட் வரைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த மாதத் தொடக்கத்தில் காயலாங்கடை ரத்தினம்மாள் புதுச்சேரியிலிருந்து மூன்று உருளைகளைக் கொண்டுவந்து இறக்கினாள். மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே அச்சு. ஒன்றில் மோட்டார் நன்றாக இருந்தது, கூடு நசுங்கியிருந்தது. ஒன்றில் ஓஸும் சறுக்குச் சட்டமும் தேறின. மூன்றாவதில் மோட்டார் எரிந்திருந்தாலும் அலுமினியக் கூடு ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. உள்சுவரில் மட்டும் பூஞ்சை பிடித்த மாதிரி வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. கடற்காற்றின் உப்பு என்று நினைத்து அதைப் பிரஷால் தேய்த்துத் தட்டினாள். மூன்றையும் கலந்து ஒன்றாக்கினாள். வெளியே மழை. ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, ஒரு மணி நேரம் ஓடவிட்டுச் சோதித்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்து டீ குடித்தாள்.

அதை வாங்கியவன் சிதம்பரத்துக்காரன். பெயர் எழிலன், பல்கலைக்கழக ஆபீஸில் கிளார்க். அவனுடைய இரண்டரை வயது மகள் இனியாவுக்கு வீசிங். வீட்டில் தூசு சேரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். புது மெஷின் வாங்க வசதிப்படவில்லை. ஜான்சியே அண்ணாமலை நகரில் ரயில்வே கேட்டுக்குப் பின்னால் இருந்த அவன் வீட்டுக்குப் போய், அவன் மனைவி பவானிக்கு ஓட்டிக் காட்டிவிட்டு வந்தாள்.

தன் கல்யாண மோதிரம் ஒரு பக்கம் வெளுத்திருப்பதை ஜான்சி கவனித்தது மறுநாள்தான். சால்டர் ஈயம் ஒட்டியிருக்கும் என்று விட்டுவிட்டாள். அந்த வாரம் முழுக்க இருமல். வாயில் இரும்பைச் சப்பியது போல ஒரு ருசி. ஈறு வலித்தது. மழைக்காலச் சளி என்று கஷாயம் குடித்தாள். பத்தாவது நாள் காலையில் பாத்திரம் துலக்கும்போது மோதிரம் இரண்டாக உடைந்து தொட்டியில் விழுந்தது. தங்கம் உடைந்து அவள் பார்த்ததில்லை. கணவன் சார்லஸ் துறைமுகத்து ஐஸ் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போயிருந்தான். அவனுக்கு ஏதோ ஆகப்போகிறது என்று முதலில் தோன்றியது. சிலுவை போட்டுக்கொண்டாள்.

துண்டுகளைக் கைக்குட்டையில் முடிந்து, திருப்பாதிரிப்புலியூரில் பத்தர் தேவநாதனிடம் கொண்டுபோனாள். அவர் லென்ஸை வைத்துப் பார்த்தார். சட்டென்று இடுக்கியோடு துண்டைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க போய்ம்மா பாதரசத்தத் தொட்ட?"

"பாதரசமா? நான் எதுக்குங்க அதத் தொடப் போறேன்."

"தங்கத்தத் தின்னுருக்குது பாரு. பாதரசத்தத் தவிர வேற எதுவும் இப்பிடித் திங்காது. எங்க சித்தப்பா அந்தக் காலத்துல இத வச்சி முலாம் பூசுவாரு. கடைசியில பல்லு பூரா கொட்டிப்போச்சு. சோத்த அள்ளி வாய்க்குக் கொண்டுபோக மாட்டாரு, கை அப்பிடி நடுங்கும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "தொட்டாக்கூடப் பரவால்லம்மா. சூடு பட்டு ஆவியா மூக்குல ஏறிச்சின்னாதான் மோசம். அது கண்ணுக்கும் தெரியாது, நாத்தமும் இருக்காது."

ஜான்சி நாக்கால் ஈறைத் தடவிப் பார்த்தாள். ஒரு மணி நேரம் ஓடிய மோட்டாரின் சூடு அவள் முழங்காலில் அடித்தது நினைவுக்கு வந்தது.

தெருவில் நின்றபடியே ரத்தினம்மாளுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, அந்த மூணு மெஷினும் யாரு கிட்ட வாங்குனீங்க?"

"ரெண்டு ஒரு லாட்ஜ்ல எடுத்தது. ஒண்ணு ஒரு கடைய காலி பண்ணாங்க, அங்க. ஏன், என்னா ஆச்சு?"

"என்னா கடைக்கா?"

"டாக்டருங்க பி.பி. பாப்பாங்களே, அந்தப் பொட்டிய ரிப்பேர் பண்ற கடை."

பி.பி. பார்க்கும் பெட்டியில் குழாய்க்குள் ஏறி இறங்குவது என்ன என்று ஜான்சிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வருடக் கணக்காக அந்தக் கடையில் மேசையிலும் தரையிலும் சிந்தியதையெல்லாம் அந்த மெஷின் உறிஞ்சியிருக்கிறது.

ஒரே ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. மூன்றில் அது எது? கடைக்கு ஓடினாள். மீந்து கிடந்த இரண்டு கூடுகளையும் சந்தில் எடுத்துப் போட்டு, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு திறந்தாள். தூசும் தலைமுடியும் இருந்தன. லாட்ஜ் தூசு. அலுமினியம் மங்கலாக, சுத்தமாக இருந்தது. ஒரு துளி வெள்ளை இல்லை. தங்கத்தைத் தின்றது அலுமினியத்தை விட்டுவைத்திருக்குமா? அந்தப் பூஞ்சை பூஞ்சையும் இல்லை, உப்பும் இல்லை. வெள்ளை பூத்த அந்த ஒரே கூடு சிதம்பரத்தில், இரண்டரை வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் இருந்தது.

சார்லஸுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீ முதல்ல டாக்டர பாரு. அங்க போயி எல்லாத்தயும் ஒளறாத. ஏதோ பார்ட்ஸ் மாத்தணும்னு சொல்லி மெஷின மட்டும் தூக்கிட்டு வந்துரு. வெளிய தெரிஞ்சா அப்பறம் யாரு ஒன் கடைக்கு வருவா?"

அதுவே சரி என்று அவளுக்கும் பட்டது. எழிலனை அழைத்தாள்.

"மெஷின் எப்பிடித் தம்பி ஓடுது?"

"சூப்பரா ஓடுதுக்கா. பாப்பாவுக்கு இருமல் ஜாஸ்தியா இருக்குது. அதனால பவானி இப்ப தெனம் ரெண்டு வேளையும் போடுறா."

"இப்ப போட வேணாம்னு சொல்லுங்க தம்பி. ஒரு பார்ட்டு மாத்தணும். ஷாக் அடிச்சாலும் அடிக்கும்."

"அவகிட்ட போன் இல்லியேக்கா. நான் ஆபீஸ்ல இருக்கேன், ஆடிட் நடக்குது. சாயந்திரம் போனதும் சொல்லிடுறேன்."

சாயந்திரம் வரைக்கும் பொறுக்க முடியாது. பஸ் ஏறினாள். ஆலப்பாக்கத்தில் ரயில் கேட் அடைத்திருந்தது. பஸ் நின்ற அந்தப் பத்து நிமிடத்தில் அவள் மணியை எட்டு முறை பார்த்தாள். பவானி எப்போது வீடு சுத்தம் செய்வாள்? சமையல் முடித்து, குழந்தையைத் தூங்கப் போடுவதற்கு முன்பு என்று சொன்ன ஞாபகம். அப்படியென்றால் பன்னிரண்டு மணிக்கு. மணி பதினொன்று நாற்பது. பக்கத்து சீட்டில் ஒரு அம்மாள் மடியில் குழந்தை இருமியது. ஜான்சி எழுந்து படிக்கட்டருகே போய் நின்றுகொண்டாள். அந்தச் சத்தத்தைக் கேட்க முடியவில்லை. தன் உடம்பில் ஏறியிருப்பது எவ்வளவு, தன் பல் கொட்டுமா, கை நடுங்குமா என்ற பயமும் கூடவே ஓடிக்கொண்டிருந்தது. கையை நீட்டிப் பார்த்தாள். நடுங்கியது. பஸ் குலுக்கலா, பயமா, அதுவா என்று கண்டுபிடிக்க வழியில்லை.

ஆட்டோ தெருமுனையில் திரும்பும்போதே அந்த ஊளைச் சத்தம் கேட்டது. அவள் தன் கையால் மாட்டிய மோட்டார். நூறு மோட்டாருக்கு நடுவிலும் அதை அடையாளம் சொல்லியிருப்பாள்.

கதவு திறந்துதான் இருந்தது. பவானி கட்டிலுக்கு அடியில் ஓஸை விட்டுத் தள்ளிக்கொண்டிருந்தாள். மெஷினின் காற்று வெளிவரும் பக்கத்தில் இனியா உட்கார்ந்து, சூடான காற்றில் முடி பறக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஜான்சி பிளக்கைப் பிடுங்கினாள். குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டி வேப்பமரம் வரைக்கும் ஓடித்தான் நின்றாள். பவானி அலறாமல், அலறுவதற்கும் நேரம் இல்லாமல், பின்னாலேயே ஓடிவந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"என்னாக்கா, என்னா ஆச்சு? எதுக்கு புள்ளயத் தூக்கிட்டு ஓடறீங்க?"

பார்ட்ஸ் மாற்ற வேண்டும் என்று சொல்லத்தான் வந்திருந்தாள். வாய் வரைக்கும் வந்தும்விட்டது. அப்போது இனியா இருமினாள். நெஞ்சுக்குள்ளிருந்து வந்த காய்ந்த இருமல். ஒரு வாரமாக ஜான்சியும் அதே மாதிரிதான் இருமிக்கொண்டிருந்தாள்.

"அந்த மெஷின்ல பாதரசம் இருக்குது பவானி. எனக்கு இன்னிக்குக் காலையிலதான் தெரிஞ்சிது. அது வெசம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

பவானி திட்டவில்லை. வீட்டைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு குழந்தையின் முகத்தை.

"இருமல் ஜாஸ்தி ஆச்சே, தூசுதான்னு நெனச்சிக்கிட்டு ரெண்டு வேளையும் போட்டேன்" என்றாள். "நானே போட்டேன்."

ஜான்சி தெருமுனைக்கு ஓடி ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மூன்று பேரின் வாயையும் திறந்து பார்த்தார். ஒருநாள் முழுக்க இறங்கும் சிறுநீரை டப்பாவில் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னார். பரிசோதனைக்குச் சென்னைக்குப் போக வேண்டும், முடிவு வரப் பன்னிரண்டு நாள் ஆகும் என்றார். அதுவரைக்கும் அந்த வீட்டில் யாரும் படுக்கக் கூடாது. ஜன்னல் எல்லாம் திறந்து கிடக்க வேண்டும். மெத்தையையும் பாயையும் எடுத்துவிட வேண்டும். துடைப்பம் கூடாது, ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டும். மெஷினை அவர் சொன்னபடியே பாலித்தீனில் மூன்று சுற்றுச் சுற்றி, பெயின்ட் டிரம்முக்குள் வைத்து மூடினார்கள். அவருக்குத் தெரிந்த வேதியியல் ஆய்வகத்து ஆள் வந்து எடுத்துப் போனார். துடைக்கும் வேலையை ஜான்சியே செய்தாள். ஆபீஸிலிருந்து ஓடிவந்த எழிலன் அவளைத் தடுக்கவில்லை.

அந்தப் பன்னிரண்டு நாளைப் பற்றி ஜான்சி பிற்பாடு யாரிடமும் விவரமாகச் சொன்னதில்லை. கடையையும் அதே மாதிரி ஈரத் துணியால் துடைத்துவிட்டாள், வியாபாரத்துக்குத் திறக்கவில்லை. தினமும் காலையில் எழுந்ததும் ஒவ்வொரு பல்லாக அசைத்துப் பார்ப்பாள். ஒரு டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிக் கையில் பிடித்து நிற்பாள். தண்ணீர் சிந்தும். சார்லஸ் டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, "நான் புடிச்சாலும்தான் சிந்துது" என்பான். போன் அடித்தால் அவள் எடுக்க மாட்டாள். சிதம்பரத்து எண்ணாக இருந்தால், அது அடித்து ஓயும்வரை வாயைப் பொத்திக்கொண்டு நிற்பாள்.

பதின்மூன்றாம் நாள் எழிலனே நேரில் வந்தான். கடை மூடியிருக்கக் கண்டு, விசாரித்து வந்து வீட்டுக் கதவைத் தட்டினான். உள்ளே வந்தவன் உட்காரவில்லை.

"பாப்பாவுக்கும் பவானிக்கும் கொஞ்சம்தான் ஏறியிருக்குதாம். மருந்து வேணாம், தானா எறங்கிடும்னு சொல்லிட்டாரு. ரெண்டு மாசம் கழிச்சித் திரும்பப் பாக்கணும்." ஒரு காகிதத்தை நீட்டினான். "இது ஒங்களுது. ஒங்களுக்குத்தான் ஜாஸ்தியா இருக்குது. உடனே வரச் சொன்னாரு."

ஜான்சி அந்தக் காகிதத்தை வாங்கியபடியே தரையில் உட்கார்ந்து அழுதாள். தன் காகிதத்தை அவள் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை என்று எழிலன் பவானியிடம் போய்ச் சொன்னான்.

அவளுக்கு மாத்திரைகள் கொடுக்கத் தொடங்கினார்கள். ஈறு குணமாக நான்கு மாதம் ஆனது. விரல் நடுக்கம் குறைந்தது, முழுசாகப் போகவில்லை. மெல்லிய காயில் கட்டுவதை விட்டுவிட்டாள். பழைய உருளைகளை வாங்குவதையும் விட்டுவிட்டாள் என்று சொல்ல முடியாது. ஆனால் எங்கே இருந்தது, யார் வைத்திருந்தார்கள், எதை உறிஞ்சியது என்று மூன்று கேள்விக்கும் பதில் வராமல் ஸ்க்ரூவில் கை வைக்க மாட்டாள். பதில் தெரியாமல் வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாள். ரத்தினம்மாள் கோபித்துக்கொண்டு கொஞ்ச காலம் வேறு கடைக்குப் போனாள்.

2011 கடைசியில் 'தானே' புயல் அடித்தது. கடலூரே கரண்டு இல்லாமல் கிடந்தது. கடையின் தகரக் கூரை பறந்துபோயிருந்தது. 2012 பொங்கலுக்கு முன் ஒருநாள், நனைந்த மிக்ஸி மோட்டார்களைச் சந்தில் சாக்கு விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தாள் ஜான்சி. அப்போது பவானி வந்தாள். ஒரு கையில் மெழுகுவத்தியும் அரிசியும் இருந்த பை, மறுகையில் இனியா. ஆஸ்பத்திரிக்குப் பிறகு இருவரும் பார்த்துக்கொண்டதே இல்லை.

"கடலூரு பூரா அடிச்சிருச்சின்னு சொன்னாங்க. பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள் பவானி.

ஜான்சி அவளைப் பார்க்கவில்லை. குழந்தையைத்தான் பார்த்தாள். வளர்ந்திருந்தாள். கன்னம் உப்பியிருந்தது. மூச்சு விடும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டாள். அதற்குள் இனியா குனிந்து ஒரு மோட்டாரைத் தொட்டுவிட்டாள்.

"தொடாத பாப்பா."

குரல் இவ்வளவு கூர்மையாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. குழந்தை அம்மாவின் புடவைக்குப் பின்னால் போனாள்.

"மிக்ஸி மோட்டாருதானக்கா அது?" என்றாள் பவானி மெதுவாக.

"மிக்ஸிதான். தெரிஞ்சவுங்க வீட்டு மிக்ஸிதான். இருந்தாலும் வேணாம்."

எழுந்து குடத்திலிருந்து தண்ணீர் மொண்டாள். இனியாவின் இரண்டு கைகளையும் சோப்புப் போட்டுக் கழுவினாள். விரல் இடுக்கு, நகக்கண் ஒன்றையும் விடவில்லை. துண்டால் துடைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, மறுபடியும் சோப்பை எடுத்தாள். பவானி குனிந்து, குழந்தையின் சட்டைக் கையை மேலே மடித்துவிட்டாள்.