அம்புக்குறிக்கு எதிர்ப்பக்கம்

ஜூலை 14, திங்கள். ஐந்தரைக்கு எழுந்தேன். செடிகளுக்குத் தண்ணீர், தேநீர், பத்திரிகை. எட்டு மணிக்கு புக்கிட் ரம்பாய் கிளினிக்கில் பிரஷர் பார்த்துக்கொண்டேன். பெருந்தொற்றுக் காலத்தில் தரையில் ஒட்டிய அம்புக்குறிகள் அங்கே இன்னும் பாதி உரிந்து கிடக்கின்றன. யாரும் மதிப்பதில்லை. நான் மட்டும் அவற்றின்படியே நடந்தேன். அம்பு போட்டிருந்தால் அதன் வழியே போகிற ஆள் நான். என் மனைவி சாந்தா அப்படியில்லை.

பெருந்தொற்றுக்கு முந்தைய ஆண்டு சுற்றுலா போனோம். ஸ்பெயினில், யாத்திரிகர்கள் நடந்துபோகும் பாதையில் இருந்த ஒரு கோத்திக் பேராலயத்துக்குள் நாங்கள் நுழைந்த நேரத்தில், இங்கே மலாக்காவில் அவள் தம்பி ரவிக்கு இதய அடைப்பை நீக்கிக்கொண்டிருந்தார்கள். அவன்தான் எங்களை விரட்டிவிட்டிருந்தான். “டிக்கெட் எடுத்தாச்சு லா அக்கா. இங்க இருந்து டாக்டருக்குக் கத்தி எடுத்துக் குடுக்கப் போறியா?”

உள்ளே கல் தூண்கள், ரெம்பியா எஸ்டேட்டின் ரப்பர் மரங்களைப் போல நிரை நிரையாக உயர்ந்து, மேலே கிளை கோத்து நின்றன. குளிர்ந்த கல்லின் வாசனை. எனக்கு நிலைகொள்ளவில்லை. கைப்பேசியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

பீடத்துக்குப் பின்னால் வளைந்து போகும் வழியைக் கண்டதும் சாந்தா என் கையைப் பிடித்தாள்.

“பாத்தீங்களா, இங்கயும் பிரகாரம் இருக்கு!”

நம் கோயிலில் சுற்றுவது போலவே இடப்பக்கமாகக் கிளம்பினாள். அங்கே அம்புக்குறியோ வலப்பக்கத்திலிருந்து தொடங்கியது. காவலர் கையை நீட்டித் தடுத்து, அந்தப் பக்கம் போகச் சொன்னார்.

“அது எழவு வீட்டுல சுத்துற பக்கம். அவன் அங்க படுத்திருக்கான், நான் இப்படிச் சுத்துவேனா?”

“அவங்க வழக்கம் அப்படிம்மா. பஸ்ஸு வேற நிக்குது.”

“நீங்க போய் ஏறிக்குங்க.”

பிறகு நின்ற இடத்திலேயே கண்ணை மூடி, கைகூப்பி, தன்னைத்தானே சுற்றத் தொடங்கினாள். முதுகுப் பையும் தடியுமாக வந்த ஒரு வெள்ளைக்கார யாத்திரிகை, மயக்கம் என்று நினைத்து ஓடிவந்து தாங்கிப் பிடித்தாள். சாந்தா அவளையும் சேர்த்து ஒரு சுற்று சுற்றினாள். காவலர் கையை இறக்கிவிட்டார்.

பஸ்ஸில் ஏறிய பிறகுதான் செய்தி வந்தது. நல்லபடியாக முடிந்ததாம். மறுநாள் ரவியே கூப்பிட்டுக் கதையைக் கேட்டுச் சிரித்தான்.

“அப்ப நான் செத்தா அம்பு வழியாவே போவ, இல்ல?”

“வாயக் கழுவுடா!”

சுங்கை ஊடாங்கில் ஷிப்டு முடிந்ததும், ரவி எங்கள் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, “அக்கா, தேத்தண்ணி!” என்று கத்துவான். கல்யாணம் செய்துகொள்ளாதவன், அவனுக்கு எங்கள் வீடுதான் வீடு. அந்தக் குரல் போன டிசம்பரோடு நின்றுவிட்டது. இந்த முறை வேண்டிக்கொள்ளக்கூட நேரமில்லை.

எங்கள் வீட்டிலிருந்துதான் எடுத்தோம். நல்ல மழை. கார் நிறுத்தும் கூரைக்குக் கீழே சிமெண்டுத் தரையில் பெட்டியை வைத்து, எல்லோரும் கோயிலுக்கு எதிர்ப்பக்கமாக, அன்று அந்த அம்பு காட்டிய பக்கமாகவே சுற்றி வந்தார்கள். நானும் வந்தேன். சாந்தா அசையவில்லை. “வாம்மா, தம்பிக்குச் செய்யணும்ல?” என்று பெரியவர்கள் கூப்பிட்டுப் பார்த்தார்கள். கடைசியில் தனியாக, எல்லோரும் போன பக்கமே, ஒரு சுற்று வந்தாள்.

மறுநாள் காலை எழுந்ததும் அவள் முதலில் செய்தது, குழாயைத் திறந்து, அந்தத் தரையில் வட்டமாகக் காய்ந்திருந்த சேற்றுக் காலடிகளைத் தேய்த்துக் கழுவியதுதான்.