முதல் எட்டு பைட்

ஜஹீதாவைப் பற்றி யாராவது ‘அந்த அமைதியான பொண்ணு’ என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அமைதியாம்! அந்த வெள்ளிக்கிழமை எங்கள் அடையாறு ஆபீசில் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

தொண்ணூற்றேழில் நாங்கள் மொத்தமே ஆறு பேர். ஜஹீதா ஆதம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். படங்களைத் திறக்க எங்களிடம் சி மொழியில் எழுதிய ஒரு லைப்ரரி, அதாவது ரெடிமேட் புரோகிராம் தொகுப்பு, இருந்தது. அதை பெர்ல் மொழியிலிருந்து கூப்பிடுவதற்கான இணைப்பை அவள் தனியாளாக எழுதினாள். டிஸ்கில் இருக்கும் ஃபைலா, ஒரே வரியில் படம் திரையில் வந்து நிற்கும். ஆனால் எங்கள் கஸ்டமர் டாக்டர் விஜயலக்ஷ்மி கேட்டது வேறு. வெளியூர் லேபிலிருந்து டெலிபோன் லைனில் வரும் படம், வர வரவே திறக்க வேண்டும். அதுதான் திறக்கவில்லை. ‘இது படமே இல்லை’ என்று எர்ரர் வந்தது.

லைப்ரரியை எழுதியவர் எங்கள் சீனியர் ராகவேந்திரன். “என் பக்கம் டெஸ்ட் பண்ணியாச்சு. உன் இணைப்புலதான் கோளாறு. வெள்ளிக்கிழமை டெமோவுக்குள்ள சரியாகலைன்னா, திங்கட்கிழமைலேர்ந்து டேட்டா என்ட்ரில உக்காந்துக்கோம்மா” என்றார்.

எம்.சி.ஏ. படித்தவளை! டைப் அடிக்கவா வந்தாள்? அவளோ, “எப்படி டெஸ்ட் பண்ணீங்க சார்? ஒருவாட்டி காட்டுங்களேன்” என்றாள்.

காட்டினார். டிஸ்கில் இருந்த ஃபைலையே, ஏதோ லைனில் வருவதுபோல உள்ளே திருப்பிவிட்டிருந்தார். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற சோம்பேறித்தனம்தான், நானும் செய்திருக்கிறேன்.

“இது லைன்ல ஓடி வர்ற ஸ்ட்ரீமே இல்ல சார், வேஷம் போட்ட ஃபைல்” என்றாள் ஜஹீதா. “உங்க லைப்ரரி முதல் எட்டு பைட்டைப் படிச்சு, என்ன வகைப் படம்னு பாக்குது. அப்புறம் திரும்ப மொதல்லேர்ந்து படிக்கப் போவுது. ஃபைல்ல பின்னாடி போலாம். லைன்ல வந்தது வந்ததுதான். குழாயில புடிச்ச தண்ணி திரும்பக் குழாய்க்குள்ள போவுமா?”

அவள் இணைப்புக்குள்ளேயே சின்ன இடம் ஒதுக்கி அந்த எட்டு பைட்டைப் பிடித்து வைத்தாள். லைப்ரரி மறுபடி கேட்கும்போது முதலில் அவற்றைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை லைனிலிருந்து கொடுத்தாள். இருபது வரிகூட இருக்காது.

வெள்ளிக்கிழமை மோடம் கத்தியது. படம் மேலிருந்து பட்டை பட்டையாக இறங்கி, கடைசிப் பட்டைவரை முழுசாக வந்தது. டாக்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“யாரு எழுதினது இது?”

“எங்க டீம்தான் மேடம்” என்றார் ராகவேந்திரன்.

டீமாம், டீம்! நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். அதற்குள் எனக்குப் பக்கத்திலிருந்து கணீரென்று ஒரு குரல்.

“நான் எழுதினேன் மேடம்” என்றாள் ஜஹீதா. “கோளாறு லைப்ரரில இருந்துச்சு. கண்டுபிடிச்சதும் நான்தான், சரிபண்ணதும் நான்தான்.”

“அப்போ அடுத்த வேலையும் நீயே பண்ணிக் குடும்மா” என்றார் டாக்டர்.

ராகவேந்திரன் தலையாட்டினார். ஆட்டாமல் என்ன செய்வார்? எனக்கு அங்கேயே விசிலடிக்கலாம் போலிருந்தது. என் ஃபிரண்டு சார் அவள், என் ஃபிரண்டு!