வண்டு வந்த வருடம்

எங்கள் தோட்டத்தில் செம்பனை காய்க்க வேண்டுமென்றால் என் அத்தை ஊத வேண்டும். எட்டு வயதில் அப்படித்தான் நம்பியிருந்தேன். அது ஏறக்குறைய உண்மையும்கூட.

ஹுத்தான் மெலிந்தாங் ஊருக்குப் பக்கத்துத் தோட்டம் அது. ரப்பரை வெட்டிச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டிருந்தார்கள். மரம் பூத்தது, ஆனால் ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவுக்குக் கொண்டுசேர்க்கப் பூச்சி இல்லை. அதனால் பெண்கள் குழு ஒன்று மகரந்தத்தைப் பவுடர் மாவோடு கலந்து, நீண்ட குழாயால் பூப்பூவாகத் தேடி ஊதிக்கொண்டு போகும். அப்பாவின் அக்காவான அத்தைதான் அந்தக் குழுவில் மூத்தவர்.

கணவரை இழந்து எங்கள் வீட்டோடு வந்துவிட்டவர். ஆனால் ஒண்டியிருப்பவர் போல ஒருநாளும் இருந்ததில்லை. மாலையில் தலைமுதல் கால்வரை வெள்ளை மாவோடு வாசலில் நின்று, "ஊதி ஊதி மாரே போச்சு, சுடுதண்ணி வைலா" என்பார். அம்மா சிரித்துக்கொண்டே வைப்பார். அத்தையைக் கேட்காமல் அப்பா ஒரு கோழிகூட வாங்கமாட்டார்.

பிறகு வண்டு வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து விஞ்ஞானிகள் கொண்டுவந்தார்கள், செம்பனைப் பூவைத் தவிர வேறெந்தப் பயிரிலும் வாழாது என்று சோதித்த பிறகே விட்டார்கள் என்று பள்ளியில் ஆசிரியர் சொன்னார். நாங்கள் கைதட்டினோம். வண்டு மொய்த்த ஆண் பூக்களைச் சாக்கில் சுமந்துபோய் மரங்களில் வைத்தவர்கள் அத்தையும் அவர் குழுவும்தான். எனக்குக் காட்டவென்று ஒன்றைத் தீப்பெட்டியில் கொண்டுவந்தார். அரிசிமணியைவிடச் சிறியது.

"என்னமா ஊருது பாரு!" என்று என்னைவிட அவர்தான் ஆசையாகப் பார்த்தார்.

சில மாதங்களில் குலைகள் பருத்தன. குலை அறுக்கும் அப்பா சாப்பிடும்போது பூரித்துப்போனார். "ஒரு ஆளால தூக்க முடியலக்கா! அப்படிக் காய்க்குது!"

அத்தை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "காய்க்கட்டும். அதனாலதான் எங்கள இன்னிக்கு நிப்பாட்டிட்டாங்க."

அப்பாவின் கை தட்டில் நின்றது. பிறகு மீன்துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

யாரைக் குற்றம் சொல்வது? வண்டு தன் வேலையைச் செய்தது. நாட்டில் எண்ணெய் பெருகியது. குழுவின் இளம்பெண்களைப் புல்லுக்கு மருந்தடிக்க எடுத்துக்கொண்டார்கள். அத்தைக்கு வயதாகிவிட்டது என்றார் வேலையை மேற்பார்க்கும் மண்டோர். அம்மா அத்தையைக் கேட்காமலே சமைக்கத் தொடங்கினார். அப்பா கேட்காமலே கோழி வாங்கினார். அத்தை தானாகவே கடைசியில் சாப்பிட ஆரம்பித்தார்.

ஒரு காலை, தூரத்து ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்திருப்பதாகவும் அங்கேயே தங்கப்போவதாகவும் சொல்லிக் கிளம்பினார். பஸ் வந்த பிறகும், பையின் வாரைச் சரிசெய்வது போலக் குனிந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தார். "போகாதக்கா" என்று அப்பா சொல்லவில்லை.

தீபாவளிக்கு வந்தார். அப்பா ஓடிப்போய்ப் பையை வாங்கிக்கொண்டு நாற்காலி போட்டார். அம்மா முதல் இட்லியை அவர் இலையில்தான் வைத்தார். அத்தை எழுந்து அடுப்படிக்குப் போகப் பார்த்தார்.

"ஐயோ, நீங்க உக்காருங்க அண்ணி!" என்று அம்மா பதறினார்.

அத்தை உட்கார்ந்தார். இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது, குழம்பில் காரம் கூடிவிட்டது போல என்று நினைத்தேன். அத்தைக்கு வீட்டில் பழைய மரியாதை திரும்பிவிட்டதில் எனக்கு ஒரே சந்தோஷம். விருந்தாளியைத்தான் அப்படி உட்காரவைப்பார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.